மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய சொகுசு காடியை வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுக் கடைசியில் போனஸ் கைக்கு வரும் நேரத்தில் எனக்கு ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கும். ஒரு காடியின் படம், அதற்குக் கீழே ஒரு வரி: “அண்ணே, இது எப்படி? 2 லட்சத்து 80 ஆயிரம் ஓடியிருக்கு, விலை ரொம்பக் குறைச்சல்.” கேட்பவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள், மீதிப்பேர் அவர்களுடைய நண்பர்கள். எல்லாருக்கும் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. என் அப்பா கோலாலம்பூரில் ஒரு கம்பெனி இயக்குநருக்கு 22 வருடம் காடி ஓட்டியவர். காடியின் சத்தத்தைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். இதுவரை மூன்று பழைய ஜெர்மன் காடிகள் வாங்கியிருக்கிறேன். முதலாவதில் நன்றாக ஏமாந்தேன். அதையும் கீழே சொல்கிறேன்.

எத்தனை கிலோமீட்டருக்கு மேல் போனால் ‘அதிகம்’ என்று சொல்லலாம்?

எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காடி தினமும் மோண்ட் கியாராவிலிருந்து நகருக்குள் வந்து ஜாலான் துன் ரசாக் ஜாமில் நின்று நின்று போகிறது. சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 90 ஆயிரம் கிலோமீட்டர் ஓட அதன் எஞ்சின் 3,600 மணி நேரம் சுற்றியிருக்கும். இன்னொரு காடி ஒரு விற்பனை மேலாளருடையது. வாரா வாரம் பினாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் நெடுஞ்சாலையில் போய் வருகிறது, சராசரி 80. அது 3 லட்சம் கிலோமீட்டர் ஓட 3,750 மணி நேரம்தான் ஆகும்.

மீட்டரில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். எஞ்சின் உழைத்த நேரம் ஏறக்குறைய ஒன்றே. அதிலும் ஜாமில் நின்ற எஞ்சினுக்குக் காற்றோட்டம் குறைவு, கியர் ஓயாமல் மாறும், பிரேக் ஓயாமல் தேயும். வீல் பேரிங், ஷாக் அப்சார்பர் மாதிரியான சாமான்கள் கிலோமீட்டரையும் கணக்கில் வைத்துக்கொள்ளும், அதை மறுக்கவில்லை. ஆனால் 90 ஆயிரம் என்று கேட்டதும் மயங்குவதும் 3 லட்சம் என்று கேட்டதும் ஓடுவதும் இரண்டுமே தப்பு.

வெளிநாட்டில் ஒரு வால்வோ 48 லட்சம் கிலோமீட்டர் ஓடியதாமே? நல்ல காடி என்றால் ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா?

உண்மைதான். அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்ற ஆசிரியர் 1966இல் புதிதாக வாங்கிய வால்வோ பி1800, 2013இல் 30 லட்சம் மைலைத் தொட்டது. நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர். ஆனால் முதல் நாளிலிருந்து அது ஒரே ஆளின் கையில் இருந்தது. எப்போது எண்ணெய் மாற்றினோம், எந்தச் சத்தம் புதிது என்பதெல்லாம் அவருக்கு நினைவில் இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் காடிக்கு நீங்கள் நான்காவது உரிமையாளர். முன்பு இருந்த மூவரில் ஒருவர் இரண்டு வருடம் சர்வீஸைத் தள்ளிப்போட்டிருந்தாலும் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் வந்து விழும்.

அதனால் காடியைப் பார்ப்பதற்கு முன்னால் கோப்பைக் கேளுங்கள். ரசீதுக் கோப்பு. 3 லட்சம் ஓடி, கையளவு தடிமனுக்கு ரசீது வைத்திருக்கும் காடியை நான் போய்ப் பார்ப்பேன். 1 லட்சம் ஓடி, “சர்வீஸ் புத்தகம் தொலைஞ்சு போச்சு” என்றால் பெட்ரோல் செலவு செய்து போகவே மாட்டேன்.

புது பெரோடுவா மைவி மாதிரி சின்ன காடியின் விலைக்கு மெர்சிடிஸ் ஈ-கிளாஸ் கிடைக்கிறது. பிறகு ஏன் யோசிக்க வேண்டும்?

இங்கேதான் நம் பிள்ளைகள் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். காடியின் விலை இறங்கிவிட்டது, சாமானின் விலை இறங்கவில்லை. புதிதாக இருந்தபோது 4 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்ற காடி இன்று 45 ஆயிரத்துக்குக் கிடைக்கலாம். அதன் ஹெட்லைட்டும் ஷாக் அப்சார்பரும் கியர்பாக்ஸும் இன்னமும் 4 லட்ச வெள்ளிக் காடியின் சாமான்கள்தான்.

நான் பின்பற்றும் வழி இது. கையில் 45 ஆயிரம் இருந்தால் 30 ஆயிரத்துக்கு மேல் காடி பார்க்க மாட்டேன். மீதி 15 ஆயிரம் முதல் வருடத்துக்கு. என் இரண்டாவது காடிக்கு முதல் எட்டு மாதத்தில் 11,400 வெள்ளி செலவானது. அத்தனைக்கும் அது நல்ல காடி, விற்றவர் எதையும் மறைக்கவில்லை. வயது ஆன சாமான்கள் முறை வந்ததும் போயின, அவ்வளவுதான். அந்தப் பணம் கையில் இருந்ததால் தூக்கம் கெடவில்லை.

கையில் இருப்பதை எல்லாம் முன்பணமாகக் கொட்டிவிட்டு, காடி ஒர்க்‌ஷாப்பில் நிற்க, வேலைக்கு கிராப் வாடகைக் காடி பிடித்துப் போகும் தம்பிகளை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மீட்டரைக் குறைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

என் முதல் காடியின் கதை இதுதான். மீட்டரில் 98 ஆயிரம். இருக்கை பளபள என்று இருந்தது. விற்ற கடைக்காரர் அப்பா வயதுக்காரர், நன்றாகப் பேசினார். நான்கு மாதம் கழித்து கியர் இழுக்க ஆரம்பித்ததும் ஃபோர்மேன் (பழுது பார்க்கும் மெக்கானிக்) ஸ்கேனர் போட்டுப் பார்த்தார். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் இருந்த பதிவு 2 லட்சத்து 41 ஆயிரம். அன்று இரவு அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

மீட்டரை மாற்றுகிறவன் பெரும்பாலும் முகப்பில் தெரியும் எண்ணைத்தான் மாற்றுவான். காடிக்குள் வேறு சில கம்ப்யூட்டர்களும் கிலோமீட்டரைப் பதிந்து வைத்திருக்கும். பல பிஎம்டபிள்யூக்களில் சாவிக்குள்ளேயே அந்தப் பதிவு இருக்கும், அதைப் படிக்கும் கருவி உண்டு. எனவே அந்த பிராண்டுக்கு உரிய ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குக் காடியைக் கொண்டுபோய்ப் பாருங்கள், காடியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. துளையில் செருகும் 50 வெள்ளிக் கருவி போதாது. விற்பவர் “அதெல்லாம் வேண்டாம்” என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கண்ணாலும் பார்க்கலாம். ஸ்டியரிங்கின் மேல்பக்கத் தோல், பிரேக் பெடலின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையில் ஏறி இறங்கும் பக்கத்து ஓரம் ஆகிய மூன்றும் மீட்டருக்குப் பொருந்த வேண்டும். 70 ஆயிரம் ஓடிய காடியில் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருக்காது. அதே பெடல் ரப்பர் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். அப்புறம், காடி அந்த பிராண்டின் சர்வீஸ் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்றால் பதிவுகள் அங்கே இருக்கும். உரிமையாளரையே கூட அழைத்துக்கொண்டு போய் அச்சடித்து வாங்குங்கள்.

பார்க்கப் போகும் நாளில் என்னென்ன செய்ய வேண்டும்?

காலையில் போங்கள். நான் வரும்வரை எஞ்சினைப் போட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக யாரோ முன்கூட்டியே எஞ்சினைப் போட்டிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எழும் முதல் ஐந்து வினாடியில் கேட்கும் சத்தம் பிறகு நாள் முழுக்கக் கேட்காமல் போகலாம். டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி) தளர்ந்த எஞ்சின் அந்த ஐந்து வினாடியில்தான் கரகரக்கும்.

பிறகு 20 நிமிடம் எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். ஏர்கோன் போட்டு, ஜாமில் நிற்கிற மாதிரி. அதன் பின் ஒருவரை ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள். நீலப் புகை ஒரு கொத்தாக வந்தால் வால்வு சீல் கசிந்து எஞ்சினுக்குள் எண்ணெய் எரிகிறது என்று பொருள். இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், உள்ளே போகிறது. இரண்டாவது மிக மோசம்.

ஓட்டிப் பார்க்கக் கடையைச் சுற்றி ஒரு சுற்று போதாது. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி காராக் நெடுஞ்சாலை. கோம்பாக் டோலைத் தாண்டி கெந்திங் செம்பா வரை ஏற்றம். நல்ல வெயிலில், ஏர்கோனோடு, நாலு பேரை உட்காரவைத்து ஏறுங்கள். கியர் நழுவுகிறதா, எஞ்சின் சூடு ஏறுகிறதா என்பது அந்த ஏற்றத்தில் தெரிந்துவிடும். பல பிஎம்டபிள்யூக்களில் கூலண்ட் வெப்பத்தைக் காட்டும் முள்ளே கிடையாது. அதனால் ஸ்கேனரைச் செருகி போனில் பார்த்துக்கொண்டே போங்கள். திரும்பி இறங்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறதா என்று கவனியுங்கள்.

அப்பா சொல்வார்: “காடி பேசும்டா. ஏர்கோன், ரேடியோ எல்லாத்தையும் அடைச்சிட்டுக் கேளு.” மேடு பள்ளமான தாமான் (குடியிருப்பு) சாலையில் மெதுவாகப் போய்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டால் சக்கரத்தைத் தாங்கும் பகுதியில் தேய்ந்த புஷ் ரப்பர், பால் ஜாயிண்ட் எல்லாம் தட்டித் தட்டிச் சொல்லும்.

ஒன்று விட்டுப்போனது. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எண்ணின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நாலு டயரும் நாலு விதமான மலிவு டயராக இருந்தால், வெளியே தெரியும் இடத்திலேயே காசைப் பிடித்தவர் உள்ளே மட்டும் தாராளமாகச் செலவு செய்திருப்பாரா?

அதிகம் ஓடிய ஜெர்மன் காடிகளில் செலவு எங்கே காத்திருக்கும்?

முதலில் குளிரூட்டும் பகுதி. நம் ஊரில் பனியும் உப்புச் சாலையும் இல்லாததால் அடிப்பாகம் ஐரோப்பாவில் போல் துரு பிடிக்காது. ஆனால் வெயிலும் ஜாமும் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் தின்றுவிடும். கூலண்ட் தொட்டி, தெர்மோஸ்டாட் கூடு, ஹோஸ் முனை எல்லாம் பிளாஸ்டிக். வருடக்கணக்கில் வெந்து பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். பிஎம்டபிள்யூவின் என்52, என்20 எஞ்சின்களில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடும். அந்த நேரத்தில் “வீடு பக்கம்தானே” என்று ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். சூடு எச்சரிக்கை வந்தால் ஓரங்கட்டி எஞ்சினை அடைத்துவிட்டு டோ டிரக்கைக் கூப்பிடுங்கள். கூலண்ட் தொட்டியைத் திறந்து பாருங்கள். துருநிறத் தண்ணீர் இருந்தால் யாரோ பைப் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். நான் அந்தக் காடியை விட்டுவிடுவேன்.

அடுத்து கியர்பாக்ஸ். “ஆயுளுக்கும் எண்ணெய் மாற்ற வேண்டாம்” என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிஎம்டபிள்யூ பயன்படுத்தும் 8 கியர் பெட்டியைச் செய்கிற இசட்எஃப் நிறுவனமே 80 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. 3 லட்சம் ஓடிய காடியில் குறைந்தது இரண்டு முறையாவது மாற்றிய ரசீது இருக்க வேண்டும்.

டைமிங் செயின். 2010 வாக்கில் வந்த மெர்சிடிஸின் 1.8 லிட்டர் டர்போ எஞ்சினில் செயின் நீள்வதும் கேம் அட்ஜஸ்டரின் பற்கள் தேய்வதும் உலகம் அறிந்த விஷயம். பிஎம்டபிள்யூவின் என்20 எஞ்சினில், 2015க்கு முன் வந்தவற்றில், செயின் ஓடும் பிளாஸ்டிக் வழிகாட்டி உடையும். மாற்றியாகிவிட்டது என்ற ரசீது இருந்தால் அதுவே காடியின் மதிப்பைக் கூட்டும்.

ஏர் சஸ்பென்ஷன் (காற்றடைத்த பைகள் காடியைத் தாங்குவது) இருக்கிறதா என்று கேளுங்கள். காலையில் ஒரு மூலை மட்டும் இறங்கி நின்றால் கசிகிறது. கசிவை விட்டுவைத்தால் கம்ப்ரஸரும் ஓடி ஓடிக் கருகும். 2006க்கு முந்தைய மெர்சிடிஸ் ஈ-கிளாஸின் (மாடல் குறி டபிள்யூ211) மின் பிரேக் பம்ப், தன்னை எத்தனை தடவை அழுத்தினார்கள் என்று எண்ணிக்கொண்டே வரும். எண்ணிக்கை முடிந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதிகம் ஓடிய அந்த வருடத்துக் காடியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வெள்ளத்தில் நின்ற காடியா என்று எப்படித் தெரியும்?

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் காடிகள் கூரை வரை மூழ்கியதை நாம் எல்லாரும் பார்த்தோம். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். இருக்கைக்கு அடியில் இருக்கும் தண்டவாளம், ஸ்பேர் டயர் குழி, கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள பஞ்சு ஆகியவற்றையும் பாருங்கள். சொகுசு காடிகள் பலவற்றில் முக்கியமான கம்ப்யூட்டர் பெட்டிகள் தரைக்கு அருகிலும் பின்பக்கச் சாமான் பெட்டிக்குள்ளும் இருக்கும். மூழ்கியிருந்தால் நான்கு வருடம் கழித்தும் ஒவ்வொன்றாகச் சாகும். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் சந்தேகப்படுங்கள்.

ரோட் டாக்ஸ், காப்புறுதி எவ்வளவு வரும்?

தீபகற்பத்தில் தனியார் செடான் காடிக்கு எஞ்சின் அளவே கணக்கு. 1,991 சிசி என்றால் வருடத்துக்கு 375 வெள்ளி 50 காசு. 2,996 சிசி என்றால் 2,120 வெள்ளி. 3,498 சிசி போனால் 4,371 வெள்ளி. காடிக்கு வயதானாலும் இது குறையாது. மூன்று லிட்டருக்கு மேற்பட்ட பழைய காடிகள் மலிவாகக் கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

காப்புறுதியில் என்.சி.டி. தள்ளுபடி உங்களைச் சேர்ந்தது, காடியைச் சேர்ந்ததில்லை. கோரிக்கை இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டியிருந்தால் 55 விழுக்காடு வரை கழியும். அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று, விபத்தில் பழைய சாமானுக்குப் புதிய சாமான் போடும்போது 10 வயது தாண்டிய காடிக்கு அந்த விலையில் 40 விழுக்காடு வரை உங்களையே கட்டச் சொல்லலாம். பாலிசி எடுக்கும்போதே முகவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லோன் கிடைக்குமா?

வங்கிகள் காடியின் வயதையும் தவணைக் காலத்தையும் கூட்டித்தான் பார்க்கும். 10 வயதுக்கு மேல் போனால் கடினம், கிடைத்தாலும் வட்டி அதிகம். கையில் காசு கொடுத்து வாங்க முடியாத பழைய சொகுசு காடியை வாங்காதீர்கள் என்பது என் கருத்து. தவணையும் பழுதும் ஒரே மாதத்தில் வரும்.

பெயர் மாற்றும் சோதனையில் தேறினால் காடி நல்லது என்றுதானே அர்த்தம்?

இல்லை. பி5 எனப்படும் இந்தச் சோதனை எஞ்சின் எண், சேஸிஸ் எண், கண்ணாடிக் கருமை, உடலை மாற்றியிருக்கிறார்களா என்பதைப் பார்ப்பது. கியர்பாக்ஸின் ஆரோக்கியம் அதில் வராது. பணம் கொடுக்கும் முன் கெரானில் (காடியின் உரிமைப் பத்திரம்) வங்கியின் உரிமைக் கோரிக்கை இருக்கிறதா என்றும், போலீஸ் சம்மனும் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) தடையும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிளக்-இன் ஹைபிரிட் மலிவாகக் கிடைக்கிறதே?

பேட்டரியை வீட்டில் சார்ஜ் செய்து பெட்ரோலிலும் ஓடும் காடிகள் இவை. பிஎம்டபிள்யூ 330இ, மெர்சிடிஸ் சி350இ இரண்டும் நம் நாட்டில் வரிச்சலுகையால் நிறைய விற்றன, இப்போது மலிவு. பெரிய பேட்டரிக்கு வாரண்டி வருடத்துக்கும் கிலோமீட்டருக்கும் கட்டுப்பட்டது. அதிகம் ஓடிய காடியில் அது முடிந்திருக்கும். பேட்டரியைச் சோதித்த அறிக்கை இல்லாமல் தொடாதீர்கள்.

சாமான் எங்கே வாங்குவது? ஹாஃப்கட் நல்லதா?

பிராண்டின் பெட்டியில் வரும் சாமானைச் செய்வது பெரும்பாலும் வேறு நிறுவனம். சாக்ஸ், லெம்ஃபோர்டர், பாஷ், மாலே போன்றவர்களின் பெட்டியிலேயே வாங்கினால் விலை நன்றாகக் குறையும், தரம் குறையாது. கதவு, விளக்கு, கண்ணாடி, இருக்கை மோட்டார் இவற்றுக்குக் கிள்ளான் காப்பார் சாலைப் பக்கம் ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய காடி) கடைகளில் தேடலாம். வாட்டர் பம்ப், ஹோஸ், புஷ், சென்சார் இவற்றை ஹாஃப்கட்டில் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஒரு ஆயுளை முடித்த ரப்பரை மறுபடியும் கூலி கொடுத்து மாட்டுவதில் என்ன லாபம்?

சாமானைவிட ஃபோர்மேன் முக்கியம். காடியைத் தேடும் முன் ஃபோர்மேனைத் தேடுங்கள். சான் சாவ் லின், செகாம்புட் பக்கம் ஒரே பிராண்டை மட்டும் பார்க்கும் சின்ன ஒர்க்‌ஷாப்கள் இருக்கின்றன. போய் ஒரு காப்பி நேரம் பேசுங்கள். “எந்த மாடலை வாங்கக் கூடாது?” என்று கேளுங்கள். யோசிக்காமல் காரணத்தோடு பதில் சொல்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டால்?

மீட்டரைத் திருத்திப் பொய் எண்ணோடு விற்பது 2011ஆம் ஆண்டு வணிக விவரணைச் சட்டப்படி குற்றம். உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுக்கலாம். நஷ்ட ஈடு கேட்கப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50 ஆயிரம் வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம். ஆனால் அது வியாபாரிக்கு எதிராக மட்டும். தனிநபரிடம் வாங்கியிருந்தால் அங்கே போக முடியாது. விளம்பரத்தை அழிக்கும் முன் படம் எடுத்து வைத்திருங்கள், வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். இது தெரியாமல்தான் நான் அன்று சும்மா இருந்துவிட்டேன்.

சரி அண்ணே, நீங்கள் இன்று வாங்கினால் எதை வாங்குவீர்கள்?

ஒரே உரிமையாளர், நெடுஞ்சாலையில் ஓடியது, டர்போ இல்லாத எஞ்சின், ஏர் சஸ்பென்ஷன் இல்லாதது, ரசீது முழுக்க இருப்பது. ஜெர்மன் பிராண்டுதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் லெக்ஸஸைப் பார்ப்பேன். மறுவிற்பனை விலை அதிகம், ஆனால் கூடுதலாகக் கொடுப்பது ஒர்க்‌ஷாப்பில் மிச்சமாகும்.

மெர்சிடிஸின் அந்த நட்சத்திரம்தான் வேண்டும் என்று சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 22 வருடம் மெர்சிடிஸ் ஓட்டிய என் அப்பா அதன் பின்னிருக்கையில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. என் இரண்டாவது காடியில் அவரைப் பின்னால் உட்காரவைத்து பத்துமலைக்கு அழைத்துப்போனேன். வழி முழுக்கப் பேசவில்லை. இறங்கும்போது, “முன்பக்க இடது புஷ் தட்டுது, பாத்துக்கோ” என்றார்.

வாங்கிவிட்டேன். முதல் மாதம் என்ன செய்ய வேண்டும்?

பழைய உரிமையாளர் நேற்றுதான் மாற்றினேன் என்று சொன்னாலும் எஞ்சின் எண்ணெய், கூலண்ட், பிரேக் எண்ணெய், கியர் எண்ணெய், பெல்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அன்றையிலிருந்துதான் உங்கள் கணக்கு. பிறகு நம் ஜாமுக்கு 8 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் எண்ணெய் மாற்றினால் போதும்.

அப்புறம் ஒரு கோப்பு வாங்குங்கள். ஒர்க்‌ஷாப் ரசீது பலதும் வெப்பத்தில் அச்சடிக்கும் தாள், காடிக்குள் விட்டால் ஆறு மாதத்தில் வெள்ளையாகிவிடும். அன்றைக்கே நகல் எடுத்து, தேதியையும் கிலோமீட்டரையும் அதன் மேல் பேனாவால் எழுதிக் கோப்பில் போடுங்கள்.